விபத்தில் மார்பில் குழாய் போட்டிருக்கிறார்களா? கூட இருப்பவர்கள் செய்யவேண்டியவை

என் தம்பி மணப்பாறைப் பக்கம் பைக்கில் வரும்போது ஒரு கார் இடித்தது. இடப்பக்கம் நான்கு விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலைச் சுற்றி இரத்தமும் காற்றும் சேர்ந்துவிட்டன. பதினொரு நாள், இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு குழாய். முதல் குழாய் சுண்டுவிரல் பருமன். இரண்டாவது, இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவைவிட மெல்லியது. எதை எப்போது கேட்பது, எந்தக் காகிதத்தை எங்கே வாங்குவது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாடு பெரிது. இன்று இரவு உங்கள் வீட்டு ஆள் அந்தக் கட்டிலில் படுத்திருந்தால், இதை வரிசையாகப் படியுங்கள்.

வார்டில் இந்தக் குழாயை எல்லோரும் "ஐ.சி.டி." என்றுதான் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு இடையே நுழைத்து, உள்ளே தேங்கிய இரத்தத்தையும் காற்றையும் வெளியே கொண்டுவந்து, அமுங்கிய நுரையீரலை விரியவைப்பது அதன் வேலை. மெல்லிய குழாய்க்குப் பெயர் "பிக்டெயில்". உள்ளே போன முனை பன்றி வால்போலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர்.

1. முதல் ஒரு மணி நேரம்: குழாயின் அளவைப் பற்றி வாதாடாதீர்கள்

மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எக்ஸ்ரே எடுக்கக்கூட நேரம் இருக்காது. அந்த நிலையில் மருத்துவர் தோலைக் கீறி, விரலை விட்டுப் பார்த்து, பெரிய குழாயைப் போடுவார். அதுதான் சரி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். இணையத்தில் படித்த எதையும் அப்போது எடுத்துப் பேசாதீர்கள்.

ஆனால் மூன்று விஷயங்களை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, முன்பு காசநோயோ மார்பில் அறுவைச் சிகிச்சையோ உண்டா. மூன்றாவதை யாரும் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம். பழைய காசநோயில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். தெரியாமல் குழாயைச் செருகினால் நுரையீரலிலேயே குத்திவிடும் ஆபத்து உண்டு.

குழாய் போட்டவுடன் எவ்வளவு இரத்தம் வந்தது என்று கேட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக 1,500 மில்லி வந்தாலோ, அதன்பிறகு மணிக்கு 200 மில்லி வீதம் இரண்டு முதல் நான்கு மணி நேரம் தொடர்ந்து வந்தாலோ நெஞ்சைத் திறக்கும் அறுவை தேவைப்படலாம். நீங்கள் இருக்கும் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையென்றால் உடனே மாற்றவேண்டும். அதை விடியட்டும் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

2. ஏ.ஆர். பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள்

நாங்கள் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். விபத்து கேஸ் வந்ததும் அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதைத்தான் ஏ.ஆர். என்பார்கள். விபத்து எப்படி நடந்தது என்று கூட வந்தவர் சொல்வதை மருத்துவர் அதில் அப்படியே எழுதிக்கொள்வார். தம்பியைத் தூக்கிவந்த நண்பன் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டான் சார்" என்று சொல்லிவிட்டான். கார் இடித்தது என்பது பதிவில் இல்லாமலே போயிற்று. பின்னால் இழப்பீட்டுக்குப் போகும்போது இன்சூரன்ஸ் தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது இந்த ஒரு வரியைத்தான்.

ஆகவே அவசரப் பிரிவில் பேசும் ஆள் ஒருவராக இருக்கட்டும். இடித்த வண்டி, அதன் எண், இடம், நேரம் நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நகல் கிடைத்தால் வாங்குங்கள்; தரமுடியாது என்றால் எண்ணும் தேதியுமாவது வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஆனால் போய்ச் சேரும் என்று நம்பி உட்காராதீர்கள். வீட்டில் ஒருவர் மறுநாளே விபத்து நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கவேண்டும். அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் அதோடு நின்றுவிடாமல், எஃப்.ஐ.ஆர். எப்போது போடுவார்கள் என்று கேட்டுத் தொடருங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

3. பணம்: முதல் 48 மணி நேரத்தை வீணாக்காதீர்கள்

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கவேண்டியதில்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் பல உள்ளன. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. 40,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். மூன்றாம் நாள்தான் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார், அதற்குள் 48 மணி நேரம் கடந்திருந்தது. எனவே பணம் கட்டும் இடத்தில் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இந்த ஆஸ்பத்திரி 48 மணி நேரத் திட்டத்தில் இருக்கிறதா? எங்கள் ஆளை அதில் பதிந்துவிட்டீர்களா?" இல்லை என்றால், நோயாளி தாங்குவார் என்று மருத்துவர் சொன்னபிறகு, திட்டத்தில் உள்ள இடத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ 108-இல் மாற்றலாம்.

மத்திய அரசின் திட்டம் ஒன்றும் 2025 மே மாதம் அறிவிக்கையாகியிருக்கிறது: சாலை விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இதற்குக் காவல் துறையின் உறுதிப்படுத்தல் வேண்டும். மறுநாளே நிலையத்துக்குப் போங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

48 மணி நேரத்துக்குப் பிறகு கைகொடுப்பது முதலமைச்சர் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, குடும்ப அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. நோயாளியோடு இருப்பவர் இதற்காக அலையமுடியாது. வீட்டில் இன்னொருவரை இந்த ஒரு வேலைக்கென்றே ஒதுக்குங்கள்.

குழாயின் விலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பில்லில் பெரிய குழாயும் பாட்டிலும் சேர்ந்து 700 ரூபாய்க்குள் அடங்கியது. பிக்டெயில் கிட் அப்போது இருப்பில் இல்லாததால் வெளிக் கடையில் 2,800 ரூபாய்க்கு வாங்கினோம். கடைக்குக் கடை இது மாறும். உங்களிடம் வாங்கிவரச் சொன்னால் சீட்டில் அளவை எழுதி வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

4. அளவைப் பற்றிக் கேட்கும் நேரம்

நோயாளியின் அழுத்தமும் மூச்சும் நிலையாக இருக்கின்றன, ஆனாலும் குழாய் தேவை. அல்லது முதல் குழாயை எடுத்தபின் இரண்டாவது தேவைப்படுகிறது. அப்போது ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "சார், இவருக்குச் சின்னக் குழாய் போதுமா?" இது தவறான கேள்வி இல்லை. மருத்துவர்களே இதைத்தான் பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள்.

குழாய்களை "பிரெஞ்சு" என்ற அளவில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். 36 சைஸ் என்றால் 12 மில்லிமீட்டர், 28 என்றால் 9-க்குச் சற்று மேல், 14 என்றால் 5-க்கும் கீழே. இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் விபத்துக் காயத்துக்கு 36 முதல் 40 வரை போடுவதுதான் வழக்கமாக இருந்தது. மருத்துவர்கள் உலகெங்கும் படிக்கும் ஏ.டி.எல்.எஸ். விபத்துச் சிகிச்சைப் பாடத்தின் 2018 பதிப்பு அதை 28 முதல் 32 என்று குறைத்தது. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னும் இறங்கி 14-ஐச் சோதித்தார்கள்.

தம்பிக்கு முதலில் போட்டது 32. அது விலா எலும்புக்குக் கீழே ஓடும் நரம்பை அழுத்திக்கொண்டே இருந்ததால் இருமவே பயந்தான். இருமாததால் சளி தேங்கியது. ஐந்தாம் நாள் அதை எடுத்தார்கள். ஆறாம் நாள் எக்ஸ்ரேயில் மறுபடி காற்று. அப்போது மருத்துவக் கல்லூரியில் 14 பிக்டெயில் போட்டார்கள்: ஊசி, அதன்வழியே மெல்லிய கம்பி, கம்பியின்மேல் குழாய். பெரிய கீறலே இல்லை. அன்று இரவுதான் விபத்துக்குப் பிறகு அவன் முழுசாகத் தூங்கினான்.

இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து முடிவு கட்டுவது நியாயமாகாது என்று எனக்கே தோன்றியது. இரண்டாம் முறை உள்ளே இருந்தது வெறும் காற்று, முறிந்த எலும்புக்கும் ஆறு நாள் வயதாகியிருந்தது. அதனால்தான் அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2014-இல் வெளியானது, விபத்தில் மார்புக்குள் காற்று சேர்ந்த 40 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு 14, பாதிப் பேருக்கு 28. குழாய் போட்ட அன்று பத்துக்கு வலி எவ்வளவு என்று கேட்டதில் சின்னதற்கு சராசரி 3.2, பெரியதற்கு 7.7. பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2021-இல் வெளியான இன்னொன்று இரத்தம் தேங்கியவர்களைப் பற்றியது. பல மையங்களில், 119 பேர். குழாய் போட்டும் இரத்தம் தங்கி வேறு சிகிச்சை தேவைப்பட்டது சின்னதில் 11 விழுக்காடு, பெரியதில் 13. இரத்தத்துக்குச் சின்னக் குழாய் ஆகவே ஆகாது என்ற பழைய நம்பிக்கையை இது அசைத்துவிட்டது.

இரண்டிலும் கவனிக்கவேண்டியது, உயிருக்குப் போராடிய நிலையில் உடனடியாகக் குழாய் போடவேண்டியிருந்தவர்களை அவர்கள் சேர்க்கவில்லை. அதனால் அழுத்தம் இறங்குகிறவருக்கு 14 கேட்காதீர்கள். பல நாள் கழித்து உறைந்து கட்டியான இரத்தத்துக்கும் கேட்காதீர்கள். அது எந்தக் குழாயிலும் எளிதில் வராது. "எங்களுக்கு இதில் பழக்கமில்லை" என்று மருத்துவர் சொன்னாலும் வற்புறுத்தாதீர்கள். பழகிய கை போடும் பெரிய குழாய், பழகாத கை போடும் சின்னக் குழாயைவிடப் பாதுகாப்பு.

இன்னொன்று: எல்லாக் காற்றுக்கும் குழாய் வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் காற்றின் தடிமன் 35 மில்லிமீட்டருக்குள் இருந்து, நோயாளி வசதியாக மூச்சு விட்டால், குழாய் போடாமல் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். மருத்துவர் "பார்க்கலாம்" என்றால் அலட்சியம் என்று சண்டை போடாதீர்கள்.

5. பாட்டிலைக் காவல் காப்பது உங்கள் வேலை

குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில் தண்ணீருக்குள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். உள்ளிருந்து காற்று வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, தரையோடு இருக்கவேண்டும். இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது நான் அந்தப் பாட்டிலைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் அவன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வெளியே வந்தது திரும்ப உள்ளே போகும் என்று ஆம்புலன்ஸ் ஊழியர் சொல்லித்தான் இறக்கினேன். பாதுகாப்பு என்று நினைத்துக் குழாயைக் கிளிப் போட்டு மூடியும் கொண்டுபோகக்கூடாது. காற்று கசியும் ஆளுக்கு அது உயிருக்கே ஆபத்து. மூடுவதென்றால் மருத்துவர் சொல்லித்தான்.

காலையில் மருத்துவர் வந்ததும் "காலம் மூவ் ஆகுதா?" என்று கேட்பார். குழாயில் நிற்கும் தண்ணீரைத்தான் "காலம்" (column) என்கிறார்; மூச்சு விடும்போது அது ஏறி இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதோடு இருமும்போது குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். நேற்றுவரை ஏறி இறங்கியது திடீரென நின்றால், நுரையீரல் முழுதும் விரிந்திருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். எது என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டாம், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

சின்னக் குழாய்க்கு இந்தக் காவல் இரட்டிப்பாக வேண்டும். மெல்லியது என்பதால் புரண்டு படுத்தாலே மடங்கும், இரத்தத் துணுக்கு சிக்கினாலும் அடைக்கும். அதனால் நாளைக்கு ஓரிரு முறை சலைன் ஏற்றிக் கழுவச் சொல்லியிருப்பார்கள். எழுதியிருக்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள், நீங்களே செய்யக்கூடாது. பெரிய பொறி இங்கேதான்: பிக்டெயிலில் "த்ரீ வே" என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். கழுவியபிறகு அதைத் திறக்க மறந்துவிடுவது உண்டு. எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க அது மூடியே இருந்தது, எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியபோது புதிய சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறை கழுவியதும் "திறந்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

பாட்டில் உடைந்துவிட்டால், குழாயின் முனையைச் சுத்தமான தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். குழாயே உருவிக்கொண்டு வந்துவிட்டால், ஓட்டையின்மேல் துணிப் பஞ்சை வைத்து அழுத்தியபடி கத்திக் கூப்பிடுங்கள். திரும்பச் செருக முயலவேண்டாம்.

6. வலி மருந்தும் மூச்சுப் பயிற்சியும்

வலி தாங்கிக்கொள்வது வீரம் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். விலா எலும்பு முறிவில் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நோயாளி ஆழ்ந்து மூச்சு இழுத்து, நன்றாக இருமமுடிகிற அளவுக்கு வலி குறைந்திருக்கவேண்டும். முடியவில்லையென்றால் நேரம் குறித்துச் சொல்லுங்கள். மாத்திரை, ஊசி போதாதவர்களுக்கு நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் உண்டு. மயக்க மருந்து மருத்துவர் போடுவார்.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் வாங்கச் சொன்னால் அன்றே வாங்குங்கள். பந்தை ஊதக்கூடாது, உறிஞ்சி மேலே தூக்கவேண்டும். நாங்கள் முதல் நாள் முழுக்கத் தலைகீழாகச் செய்தோம். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. இருமும்போது தலையணையை அடிபட்ட பக்கத்தில் அணைத்துக்கொண்டால் வலி குறையும். மருத்துவர் நடக்கலாம் என்றதும் பாட்டிலைக் கீழே தொங்கவிட்டபடி வராந்தாவில் நடக்கவையுங்கள்.

7. மூன்றாம் நாள் கேட்கவேண்டிய ஒரே கேள்வி

"உள்ளே இரத்தம் மிச்சம் இருக்கிறதா?" எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஏதாவது தங்கியிருந்தால் சி.டி. எடுத்து உறுதிசெய்வார்கள். தங்கிய இரத்தம் நாள் ஆக ஆக இறுகி, சீழ் பிடிக்கவோ நுரையீரலைக் கட்டிப்போடவோ செய்யும். கேமரா வைத்துச் சிறு துளை வழியே சுத்தம் செய்யும் அறுவை இருக்கிறது. அதை முதல் சில நாள்களுக்குள் செய்தால்தான் சுலபம். இரண்டு வாரம் கழித்து இதைக் கேட்டால் நெஞ்சைத் திறக்கவேண்டிவரலாம்.

8. குழாய் எடுக்கும் நாள்

நுரையீரல் விரிந்திருக்கவேண்டும், இருமினாலும் குமிழி வரக்கூடாது, 24 மணி நேரத்தில் வருவது ஏறக்குறைய 200 மில்லிக்குள் இறங்கியிருக்கவேண்டும். இடத்துக்கு இடம் இந்த எண் கொஞ்சம் மாறும். எடுத்தபின் சில மணி நேரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். படுக்கை வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும் அந்தப் படத்தை மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். தம்பிக்கு மறுபடி காற்று சேர்ந்தது அப்படி ஒரு படத்தில்தான் தெரிந்தது.

9. வீட்டுக்குப் போகும்முன் கோப்பு

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். எத்தனை விலா எலும்பு, எந்தப் பக்கம், குழாய் போட்ட தேதி, எடுத்த தேதி, அளவு எல்லாம் இருக்கவேண்டும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். "மார்பில் அடி" என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்தி வாங்குங்கள். எக்ஸ்ரே, சி.டி. படங்களையும் அறிக்கைகளையும் கேளுங்கள். காயச் சான்றிதழ் காவல் நிலையத்துக்குப் போகும். விசாரணை அதிகாரியிடம் கேட்டு அதன் நகலைப் பெறுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் சொல்லும் காலம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிடாதீர்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் பெறும் வழி இருக்கிறது.

தையல் பிரிக்க ஏழு முதல் பத்து நாள். எலும்பு ஒட்ட ஏறக்குறைய ஆறு வாரம். அதுவரை கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் எதையும் தூக்கக்கூடாது. சொந்தக்காரர்கள் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப்போகச் சொல்வார்கள். கை கால் மாதிரி நெஞ்சை இறுக்கிக் கட்டினால் மூச்சு ஆழமாகப் போகாது, சளி தேங்கும், போகாதீர்கள். காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ், திடீர் மூச்சிரைப்பு மூன்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல், பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். படங்களைச் சுருட்டிக் கட்டாமல் தட்டையான உறையில் வையுங்கள். தம்பியின் முதல் நாள் படம் மடிந்து கீறிப்போய், மருத்துவர் புதிதாக ஒன்று எடுக்கவேண்டி வந்தது.